சாட்சிப் பாட்டில்

வேதமாணிக்கத்தைப் பற்றி எழுத எனக்கு அருகதை கிடையாது. ஆனால் நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை. புதூர் பக்கம் ஒரு கல்லறைத் தோட்டத்தில் அவர் பெயரும் இரண்டு தேதிகளும் இருக்கின்றன. அதில் பிறந்த தேதி உத்தேசமாகப் போட்டது. ஒரு மனிதன் அறுபது வருஷம் இருந்துவிட்டுப் போனதற்கு அது போதாது என்று எனக்குத் தோன்றுகிறது. நடுநடுவே எனக்குக் கோபம் வரும். அதில் முக்கால்வாசி என் மேலேயே வருகிற கோபம், கண்டுகொள்ள வேண்டாம்.

1976 சித்திரையில்தான் அவரை முதலில் பார்த்தேன். கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டில் எங்கள் சோடா கம்பெனி. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. ஒரு தகரக் கொட்டகை, கேஸ் ஏற்றுகிற மெஷின் ஒன்று, பாட்டில் கழுவ நாலு தொட்டி, மெஷினைச் சுற்றக் கருத்தப்பாண்டி, எசன்ஸ் கலக்க நான். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற பெண்கள் சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு வந்து ஆளுக்கொரு கிரேப் கலர் குடிப்பார்கள். குடித்துவிட்டு நாக்கை நீட்டி ஒருத்திக்கொருத்தி ரோஸ் நிறத்தைக் காட்டிச் சிரிப்பார்கள். தங்கப்பாண்டியன் என்கிற என் கடை கிரேப் என்றால் சாத்தூர் வரைக்கும் பேர் உண்டு. எனக்கு அதில் இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

அன்று மத்தியானம் ஒல்லியாக, நெட்டையாக ஒரு ஆள் வந்து ஆரஞ்சு கேட்டார். வெயிலில் வந்தவர் மடக்மடக்கென்று குடிக்க வேண்டாமா? பாட்டிலை ஒரு தம்ளரில் ஊற்றினார். மோந்து பார்த்தார். ஒரு வாய் வாங்கி, கொட்டகைக் கூரையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தார். பிறகு விழுங்காமல் வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்கக் கூடாது. இதுல ஆரஞ்சு எங்கன இருக்கு?" என்று கேட்டார்.

"பேர்ல இருக்கு வே. பாட்டிலை வச்சிட்டுப் போவும்."

"ஆரஞ்சுத் தோல்ல ஒரு கசப்பு உண்டு. அதக் காணோம். சீனியும் பாதிதான், மீதி சாக்ரின். அது போகட்டும். இந்தப் பாட்டில் கழுவுன தொட்டியில தண்ணி மாத்தி ரெண்டு நாள் ஆச்சு."

நான் கருத்தப்பாண்டியைத் திரும்பிப் பார்த்தேன். அவன் மூன்றாவது தொட்டியைப் பார்த்தான். திருட்டு முழி. அந்த நெட்டை மனிதரை அடிக்கத்தான் எழுந்தேன். ஆனால் ஒரு வாரம் கழித்து அவரை வேலைக்கு வைத்துக்கொண்டேன்.

வேதமாணிக்கத்துக்குப் புதூர் வட்டாரத்தில் ஒரு மானாவாரிக் கிராமம். மழை பெய்தால் கம்பு, பெய்யாவிட்டால் வேலிக்காத்தான். ஐம்பத்திரண்டில் பெய்யவில்லை. இருபத்தாறு வயதில் பெங்களூருக்கு ரயில் ஏறிவிட்டார். அங்கே ஒரு பீர் கம்பெனியில் ஊறல் தொட்டிக்குள் இறங்கிக் கழுவுகிற வேலை. தொட்டிக்கு மேலே இருக்கும் சின்ன ஓட்டை வழியாக நுழைகிற உடம்பு அவருக்கு இருந்தது, அதுதான் தகுதி. கழுவி முடித்த தொட்டியை மோந்து பார்த்தே போன தடவை அதில் என்ன ஊறியது, கெட்டதா நல்லதா என்று சொல்வாராம். இது அங்கிருந்த வெள்ளைக்காரத் துரை காதுக்குப் போயிற்று. துரை கூப்பிட்டு ஆறு தம்ளரை வைத்துச் சோதித்தார். அதற்குப் பிறகு துரையோடு கூடவே தொட்டி தொட்டியாகப் போய் ருசி பார்க்கிறதுதான் வேதமாணிக்கத்தின் உத்தியோகம். வாயில் வாங்கவேண்டும், சொல்லவேண்டும், துப்பவேண்டும்.

"இருபத்திரெண்டு வருசம் துப்பியே பொழச்சேன் அண்ணாச்சி. ஒரு நாளு போத ஏறுனது கிடையாது" என்பார்.

எழுபத்து நாலில் கம்பெனிக்குக் கண்ணாடிக் குழாயும் மெஷினுமாக ஒரு அறை வந்தது. நாக்கு தேவைப்படவில்லை. மனைவி நேசம்மாளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தார். அதே ஒன்றரை ஏக்கர் கரிசல், அதே பெய்யாத மழை. அதனால்தான் சோடா கம்பெனி. எங்கள் தெருவுக்குப் பின்னாலேயே ஒரு வீடு பிடித்துக்கொண்டார்கள்.

பீர் கம்பெனியிலிருந்து அவர் கொண்டுவந்த ஒரு பழக்கம் எனக்கு எரிச்சல் மூட்டும். ஒவ்வொரு நாள் சரக்கிலும் ஒரு பாட்டிலை எடுத்து, கொட்டகை மூலையில் ஈர மணலுக்குள் கழுத்து வரை புதைத்து வைப்பார். அதற்குச் சாட்சிப் பாட்டில் என்று பெயர். நாளைக்கு எவனாவது சரக்குக் கெட்டுப்போயிருந்தது என்று வந்து நின்றால், அதைத் திறந்து ருசி பார்த்துப் பதில் சொல்ல வேண்டுமாம். "கோலி சோடாவுக்குக் கோர்ட்டு கேஸா வே?" என்று நான் கேலி பண்ணுவேன். அவர் பாட்டுக்கு மணலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார்.

நேசம்மாள் வாயாடி. மதியச் சாப்பாட்டை அவளே கொட்டகைக்குக் கொண்டுவருவாள். வேதமாணிக்கம் முதல் கவளத்தை வாயில் வைத்துக் கூரையைப் பார்க்கும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

"பாருங்க, பாருங்க அண்ணாச்சி. இவிய நாக்குக்கு இருபது வருசமா கொழம்பு வைக்கேன். எனக்கு கவர்மெண்டு ஒரு மெடல் குடுக்க வேண்டாமா?"

இருவருக்கும் பிள்ளைகள் இல்லை. அந்தக் குறை தெரியாத அளவுக்குச் சண்டை போட்டுக்கொள்வார்கள்.

எழுபத்தெட்டு கார்த்திகையில் அவளுக்குத் தொண்டையில் கட்டி. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். புற்று என்றார்கள். ஒன்றரை மாதம் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். கட்டி சுருங்கியது, ஆனால் நாக்கு செத்துவிட்டது. சோறு மண் மாதிரி இருக்கிறது, குழம்பு சுடுதண்ணீர் மாதிரி இருக்கிறது என்றாள். உப்பை விரலால் தொட்டு வைத்தாலும் தெரியவில்லை. சீனி தெரியவில்லை. ருசி இல்லாத சாப்பாட்டை எத்தனை நாளைக்குத் தின்ன முடியும்? உடம்பு பாதியானது. பேச்சும் பாதியானது. ஊரிலேயே நல்ல நாக்குக்காரன் பெண்டாட்டிக்கு இப்படியா என்று நான் சாமியைத் திட்டியிருக்கிறேன், வாய்விட்டே.

ஒருநாள் காலையில் வேதமாணிக்கம் ஓடிவந்தார். மனிதர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

"அண்ணாச்சி, தொண்டைப் புண்ணுக்குக் கடுக்காத்தண்ணி கொப்பளிச்சா. 'ஏங்க, இது தெரியுது, நாக்கப் பிடிக்குது'ங்கா. இனிப்பு செத்துப்போச்சு, உப்பு செத்துப்போச்சு. துவர்ப்பு மட்டும் உசுரோட இருக்கு!"

"கடுக்காத்தண்ணிக்கா இந்த ஆட்டம்?" என்றேன்.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. உனக்கு என்ன வேண்டும், எதைச் சாப்பிட ஆசை என்று அவளிடம் கேட்டிருக்கிறார். அவள் கொஞ்சம் யோசித்து, "அந்த நாவப்பழம் போட்ட கறுப்பு பீரு. ஒரு வாய்" என்றிருக்கிறாள்.

அது பெங்களூர்ச் சமாச்சாரம். துரை வருஷம் ஒரு பீப்பாய் கறுப்பு பீர் தனியாகப் போடுவார். விற்பதற்கு இல்லை. ஆடியில் நாவல்பழம் போட்டு ஊறவைத்து, கிறிஸ்துமஸுக்கு வேலைக்காரர் குடும்பங்களுக்கு ஆளுக்கு ஒரு கோப்பை. வேதமாணிக்கமும் நேசம்மாளும் கல்யாணமான முதல் கிறிஸ்துமஸில் அதைக் குடித்துவிட்டு, குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று யார் நாக்கு அதிகம் கறுத்திருக்கிறது என்று ஒருவருக்கொருவர் நீட்டிக் காட்டிக்கொண்டார்களாம். அதற்குப் பிறகு வருஷா வருஷம் அந்த விளையாட்டு உண்டாம். அவள்தான் எனக்கு இதைச் சொன்னாள், வெட்கமே இல்லாமல்.

"அதுல பழம் எப்படி வே தெரியும்? நல்லா இனிக்குமோ?" என்று அவரிடம் கேட்டேன்.

"அதுதான் எல்லாரும் பண்ணுத தப்பு. பழம்னா இனிப்புன்னு நெனைக்காங்க. ஊறல்ல போட்டா ஈஸ்ட் முதல்ல இனிப்பத்தான் தின்னு தீர்க்கும். மிஞ்சுதது தோலு, கொஞ்சம் புளிப்பு, கொட்டையோட துவர்ப்பு. வாயில வச்சதும் வறுத்த தானியம் கசப்பா வரும். பழத்தக் காணோமேன்னு இருக்கும். முழுங்குன பொறவு, நாக்குக்கு அடியில இருந்து நாவப்பழம் வந்து ஒரு பிடி பிடிக்கும் பாருங்க, அது போகவே போகாது."

"இனிப்பு போன பொறவு பழத்துல என்ன வே இருக்கு?"

"அவளுக்குத் தெரியப்போறது அது மட்டுந்தான் அண்ணாச்சி" என்றார்.

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் எப்படிச் சொல்ல முடியும்? கேட்டேன். மண்டையை ஆட்டினேன். என் மண்டைக்குள் எசன்ஸ் டப்பாதான் இருந்தது.

அப்போது நம் மாநிலத்தில் மதுவிலக்கு. ஒரு சொட்டு ஊறல் பிடிபட்டாலும் உள்ளே போகவேண்டியதுதான். கொட்டகையில் ஒரே ஒரு பானை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். நான் பயந்தவன்தான். ஆனாலும் சரி என்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

பீருக்கு வேண்டிய பார்லி இங்கே ஏது? கம்பை எடுத்தார். நனையப்போட்டு முளைகட்ட வைத்து, தகரத்தின் மேல் காயவைத்து, ஓட்டுச் சட்டியில் வறுத்தார். பாதியைப் பொன்னாக, பாதியைக் கரியாக. கசப்புக்கு அங்கே ஏதோ பூ போடுவார்களாம், இவர் காய்ந்த வேப்பம்பூ போட்டார். ஈஸ்ட்டுக்கு ரொட்டிக்கடை. என் தொட்டித் தண்ணீர் உப்பு என்று சொல்லி, சைக்கிளில் இரண்டு மைல் போய் ஒரு தோட்டத்துக் கிணற்றில் நல்ல தண்ணீர் எடுத்துவந்தார். கொட்டகை முழுக்க வறுத்த கம்பு வாசம் ஒரு வாரம் நின்றது.

ஆடி பிறந்ததும் தென்காசிப் பக்கமிருந்து நாவல்பழம் வரும். பஸ் ஸ்டாண்டில் வேலுத்தாய் கூடையை இறக்கி, பக்கத்தில் உப்பை வைத்துக்கொண்டு உட்காருவாள். வேதமாணிக்கம் அவள் முன்னால் குந்தி, ஒவ்வொரு பழமாக எடுத்து மோந்து, பாதியைத் திருப்பிப் போட்டார்.

"பழம் வாங்க வந்தீரா, பொண்ணு பாக்க வந்தீரா வே?" என்று அவள் கத்தினாள்.

"பொண்டாட்டிக்குத் தாயி" என்றார் இவர். அவள் கூடையை அவர் பக்கமாக நகர்த்திவைத்தாள்.

முதல் நுரை அடங்கிய பிறகுதான் பழத்தைப் போட்டார், கொட்டையோடு பிசைந்து. தினமும் மூன்று வேளை ஒரு அகப்பையில் எடுத்து வாயில் வைத்துக் கூரையைப் பார்ப்பார். துப்புவார். பதினெட்டாம் நாள் துப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "வந்துட்டு அண்ணாச்சி" என்றார். வடிகட்டி, கோலி பாட்டிலில் ஊற்றி, மெஷினில் வைத்து இலேசாகக் கேஸ் ஏற்றினார். மொத்தம் பன்னிரண்டு. ஒன்று மணலுக்குப் போயிற்று. பதினொன்று ஒரு பெட்டியில், மேலே சாக்கு.

அன்றைக்கே கொடுத்திருக்கலாம். ஆனால் ஐந்து நாள் பாட்டிலில் அடங்க வேண்டும் என்றார். அதற்குள் நேசம்மாளுக்கு மூச்சு இழுத்தது. மதுரைக்குக் கூட்டிக்கொண்டு ஓடினார். போகும்போது என் கையைப் பிடித்து, "பெட்டியில வெயில் படாம மட்டும் பாத்துக்கிடுங்க" என்றார்.

வெயில் படாமல் பார்த்துக்கொண்டேன். அது சத்தியம்.

மூன்றாம் நாள் எனக்குக் கை அரித்தது. இத்தனை பாடுபட்டுச் செய்தது எப்படித்தான் இருக்கும் என்று ஒரு பாட்டிலின் கோலியைத் தட்டினேன். ஒரு வாய் குடித்தேன். கருகல். கசப்பு. புளிப்பு. பழமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. விழுங்கி, அது நாக்கைப் பிடிக்கும் வரை காத்திருக்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. உடனே தண்ணீர் குடித்து வாயைக் கொப்பளித்துவிட்டேன். சோடாக்காரனுக்குப் புளித்தது என்றால் கெட்டது, அவ்வளவுதான். வெக்கையில் சரக்கு புளித்துவிட்டது, பாவம், மனிதருக்குத் தெரியவில்லை, சாகப்போகிற பெண்ணின் வாயில் இதையா ஊற்றுவது என்று நினைத்தேன். இனிப்பாக ஒரு வாய் குடித்துவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தேன். பெருந்தன்மை! அந்த மத்தியானம் என் மேல் எனக்கே ஒரு மரியாதை வந்தது.

பதினொரு பாட்டிலையும் திறந்தேன். முக்கால் முக்காலாகச் சாக்கடையில் ஊற்றினேன். மிச்சத்தின் மேலே என் கிரேப் கலரை நிறைத்தேன். எசன்ஸை வழக்கத்தைவிட ஒரு மூடி கூட. சாக்ரினும் ஒரு சிட்டிகை கூட. கருப்பு நிறம் வரக் கருகக் காய்ச்சிய சீனி. கேஸ் ஏற்றிப் பெட்டியில் அடுக்கி, பழையபடி சாக்கைப் போட்டேன். மணலில் இருந்த பாட்டில் என் நினைவுக்கே வரவில்லை. அதைத்தான் நான் எப்போதும் கேலி பண்ணுகிறவனாயிற்றே.

ஐந்தாம் நாள் அவர்கள் திரும்பினார்கள். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். சாயங்காலம் வேதமாணிக்கம் கொட்டகைக்கு வந்து ஒரு பாட்டிலை வேட்டி மடிப்புக்குள் மறைத்து எடுத்துக்கொண்டார். "நீங்களும் வாங்க அண்ணாச்சி, நீங்க இல்லாம இது இல்ல" என்றார். போனேன்.

நேசம்மாள் கட்டிலில் சுவரோடு சாய்ந்திருந்தாள். கழுத்தில் கரண்டு வைத்த இடம் கருகிப்போயிருந்தது. பாட்டிலைப் பார்த்ததும் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வேதமாணிக்கம் பித்தளைத் தம்ளரில் பாதி ஊற்றி, தலையைத் தாங்கிக் குடிக்க வைத்தார். அவள் ஒரு வாய் வாங்கினாள். கண்ணை மூடினாள். வெகு நேரம் மூடியே இருந்தாள்.

கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள்.

"அதேதான். அங்கன குடிச்ச மாதிரியே இருக்கு" என்றாள். "நாவப்பழம் தெரியுது."

பிறகு குழந்தை மாதிரி நாக்கை நீட்டினாள். "கறுத்திருக்கா?"

வேதமாணிக்கம் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். சனிக்கிழமை தீப்பெட்டி ஆபீஸ் பெண்களிடம் பார்க்கிற அதே ரோஸ் நிறம்.

"நல்லாக் கறுத்திருக்கு ஏட்டி" என்றார் அவர்.

தம்ளரில் மிச்சமிருந்ததை அவர் குடித்தார். கூரையைப் பார்க்கவில்லை. தம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனிதருக்குச் சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நான் நினைத்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மிதந்து வந்தேன். நான் இல்லாவிட்டால் அந்தப் பெண் புளிச்ச தண்ணியைக் குடித்துவிட்டு முகம் சுளித்திருப்பாள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். இதை அவரிடம் சொல்லக் கூடாது, அவர் செய்ததென்றே இருக்கட்டும் என்று முடிவும் பண்ணினேன்.

அதற்குப் பிறகு தினம் ஒரு பாட்டில் எடுத்துப்போனார். பத்தாம் நாள் காலையில் நேசம்மாள் இறந்துபோனாள். மிச்சமிருந்த இரண்டு பாட்டிலையும் அவரே கழுவி அடுக்கினார்.

வேதமாணிக்கம் அதற்கப்புறமும் ஆறு வருஷம் என்னிடம் இருந்தார், எண்பத்தைந்தில் காய்ச்சலில் போய்ச்சேரும் வரை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்லவேண்டியது வேறு இருக்கிறது. நேசம்மாள் போன பிறகு அவர் ருசி பார்ப்பதை விட்டுவிட்டார். எதை நீட்டினாலும், "என் நாக்கு செத்துப்போச்சு அண்ணாச்சி" என்பார். பாட்டில் கழுவினார், பெட்டி தூக்கினார். ஒருநாளும் என்னிடம் முகம் மாறிப் பேசியதில்லை. நான் கிரேப் கலரை நிறுத்திவிட்டேன் என்று எழுத எனக்கு ஆசைதான். நிறுத்தவில்லை. இன்றைக்கும் விற்கிறேன். ஆனால் நான் அதைக் குடித்து வருஷங்கள் ஆகின்றன.

எண்பது ஆடியில், அவள் போய் வருஷம் திரும்பப்போகிற சமயம். வேலுத்தாய் கூடையோடு எங்கள் கொட்டகைப் பக்கம் வந்தாள். வேதமாணிக்கத்தின் முன்னால் ஒரு கை நாவல்பழத்தை வைத்து, "சும்மா தின்னும் வே" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் அதைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எனக்கு மனசு பொறுக்கவில்லை. ஆறுதல் சொல்லத் தெரியாதவன் வாயைத் திறந்தால் என்ன ஆகும்?

"விடும் வே. கடைசியில ஆசப்பட்டதக் குடிச்சிட்டுத்தான போனா? உண்மையச் சொல்லுதேன், கோவிச்சுக்காதேயும். உம்ம சரக்கு புளிச்சுப்போயிருந்துது. நான்தான் நம்ம கிரேப்பக் கலந்து சரிப்பண்ணி வச்சேன்."

வேதமாணிக்கம் நிமிர்ந்து பார்த்தார். கோபமே இல்லை. அது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தெரியும் அண்ணாச்சி."

"எப்பத் தெரியும்?"

"அவ நாக்கப் பாத்ததுமே தெரியும். ரோஸா இருந்துச்சே. குடிச்சும் பாத்தேன். உங்க எசன்ஸு எனக்குத் தெரியாதா?"

"பொறவு ஏன் வே ஒண்ணும் சொல்லல?"

"அவளுக்கு ஒண்ணுமே தெரியல அண்ணாச்சி. இனிப்புதான் செத்துப்போச்சே. நீங்க ஊத்துனது பூரா இனிப்பு. வெறும் தண்ணி குடிச்ச மாதிரி இருந்திருக்கும். ஆனாலும், நான் பாடுபட்டுச் செஞ்சேன்னு, அதேதான்னு சொன்னா."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு வருஷம் கழித்து. கடுக்காய்த் தண்ணீர், துவர்ப்பு, தோல், கொட்டை, அவர் சொன்னது ஒவ்வொன்றும் இப்போதுதான் காதில் விழுந்தது. அந்தப் பெண்ணின் நாக்கில் உயிரோடு இருந்த ஒரே ஒரு ருசியை நான் சாக்கடையில் ஊற்றியிருக்கிறேன்.

திடீரென்று மணல் மூலை கண்ணில் பட்டது.

"சாட்சிப் பாட்டில் இருந்துச்சே வே! அது நல்ல சரக்குதான? அதக் கொண்டுபோய்க் குடுத்திருக்கலாமே! பத்து நாள் இருந்தாளே!"

"அன்னைக்கே எடுக்க வந்தேன்" என்றார். "கொட்டகை வாசல் வரைக்கும் வந்தேன். வந்து யோசிச்சேன். இதக் குடுத்தா அவளுக்கு நெசமாவே தெரிஞ்சிரும். தெரிஞ்சா, முன்னால சொன்னது பொய்யின்னு எனக்குத் தெரிஞ்சிபோச்சுன்னு அவளுக்கும் தெரியும். எனக்காகச் சொன்ன பொய்யி. அதப் புடுங்கிட்டு பீரக் குடுக்கவா? நானுந்தான் கறுத்திருக்குன்னு சொல்லிட்டேன். தினம் உங்க கலர ஊத்திக் குடுத்தேன். தினம் அதேதான்னா. தினம் நாக்க நீட்டுனா."

அவர் எழுந்து மூலைக்குப் போனார். மணலைக் கையால் விலக்கி அந்தப் பாட்டிலை எடுத்தார். கழுத்தில் கட்டியிருந்த நூலில் தேதி எழுதிய அட்டை இற்றுப்போயிருந்தது. ஒரு வருஷமாக அதற்கு அவர் தண்ணீர் தெளித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார், என் கண்ணெதிரிலேயே. கோலியைத் தட்டினார். மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது. இரண்டு தம்ளரில் ஊற்றி ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"இந்தத் தடவை உடனே தண்ணி குடிச்சிராதீங்க" என்றார்.

குடித்தேன். கருகல் வந்தது, வேப்பம்பூக் கசப்பு வந்தது. பழத்தைக் காணோம். விழுங்கிவிட்டுக் காத்திருந்தேன். வந்தது. நாக்குக்கு அடியிலிருந்து, தொண்டையின் இரண்டு பக்கத்திலிருந்தும், நாவல்பழத்தின் தோலும் கொட்டையும் வந்து பிடித்தன. இனிப்பு துளிகூட இல்லை. இருந்தாலும் நாவல்பழம் என்றால் இதுதான் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. செத்த நாக்குக்கும் தெரிந்திருக்கும். நான் தம்ளரை வைத்துவிட்டு அழுதேன். கருத்தப்பாண்டி மெஷினை நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டான்.

வேதமாணிக்கம் தன் தம்ளரை வாயில் வைத்தார். கூரையைப் பார்த்தார். துப்பப் போகிறார் என்று நினைத்தேன். துப்பவில்லை, விழுங்கினார்.

"நாக்க நீட்டுங்க அண்ணாச்சி" என்றார்.

நீட்டினேன். அவர் குனிந்து வெகு நேரம் பார்த்தார்.

"கறுத்திருக்கு" என்றார்.

நான் எழுந்து, தொட்டிக்கு மேலே ஆணியில் தொங்கிய கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். கறுத்துத்தான் இருந்தது.